செப்பனிடாத பாதையிற் சாதாரண வண்டிகள்



மோட்டார்ப் பந்தயம் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழும் காட்சி ஒன்றுண்டு. வழுவழுப்பான தார்ப் பாதை, தாழ்ந்து நீண்ட விசேட வண்டிகள், கம்பனிகளின் பணம், பேர்பெற்ற சாரதிகள் என்பனவே அக்காட்சியில் இடம்பெறும். இன்று நான் எடுத்துக்கொண்ட வரலாறு அத்தகையதன்று. காலையில் தொழிலுக்கும் மாலையிற் கடைத்தெருவுக்கும் கொண்டுசென்ற அதே வண்டியைப் பாதையில்லாப் பாலைநிலத்திற் செலுத்தி, மேடு கண்ட இடத்தில் ஆகாயத்திற் பாயவிட்டு, உடைந்ததைத் தாமே பொருத்திக்கொண்டு மேலே சென்ற சாதாரண மனிதரின் வரலாறு இது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமும், அதன் தெற்கே தொடரும் மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாக் குடாநாடும் இதன் களங்களாகும்.

முதலிற் களத்தை அறிந்துகொள்வோம். பாஹா கலிபோர்னியா என்றால் கீழைக் கலிபோர்னியா என்பது பொருள். மேற்கே பசிபிக் சமுத்திரமும் கிழக்கே கலிபோர்னியா வளைகுடாவும் சூழ, ஒடுங்கி நீண்டு கிடக்கும் நிலம் அது. அதன் நீளம் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள நம் தீவின் முழு நீளத்தையும் அதனோடு ஒப்பிட்டால், அது நமது தீவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்டது. வடக்கெல்லையில் திஹுவானா நகரமும், தெற்கே சமாதானம் எனப் பொருள்படும் லா பாஸ் நகரமும் உள்ளன. 1973ஆம் ஆண்டு முடிவு வரை இவ்விரு நகரங்களையும் தொடர்ச்சியான தார்வீதி இணைக்கவில்லை. இடையிலே மணலும், மாவைப்போல் நுண்ணிய புழுதியும், கள்ளிக்காடும், வறண்ட ஆற்றுப்படுகையும், கற்சரிவுமே இருந்தன. அவற்றினூடே சென்ற வண்டித்தடங்களும் ஒரு மழைக்குப் பின் இடம் மாறிவிடும்.

இத்தகைய நிலத்தில் வண்டியோட்டும் ஆவல் எங்கிருந்து வந்தது? இரண்டாவது உலகயுத்தத்தை இதற்கு ஒரு முக்கிய காரணமாகக் கூறலாம். யுத்தத்திற்கென ஆயிரமாயிரமாகச் செய்யப்பட்ட ஜீப் வண்டிகள், யுத்தம் முடிந்ததும் குடிமக்கள் கைக்கு வந்தன. நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தவல்ல அவ்வண்டியைப் போர்முனையில் ஓட்டிப் பழகிய இளைஞர்களும் வீடு திரும்பினர். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் மலைக்கும் அவர்கள் ஜீப்பிலேயே சென்றனர். 1953ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் ரூபிக்கொன் என்னும் கரடுமுரடான மலைத்தடத்தில் ஜீப் உரிமையாளர் பலர் ஒன்றுகூடிப் பயணம் செய்தனர். பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்வழக்கம் போட்டியாக மாறுவதற்கு அதிக காலம் செல்லவில்லை.

போட்டிக்கு வித்திட்டது ஒரு விளம்பர முயற்சி. யப்பானிய ஹொண்டாக் கம்பனி அமெரிக்கச் சந்தையில் அப்பொழுதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. தனது 250 சீ.சீ. மோட்டார் சைக்கிள் எத்தகைய பாதையையும் தாங்கும் என்பதை மெய்ப்பிக்க அது விரும்பியது. 1962ஆம் ஆண்டு டேவ் ஈக்கின்ஸ் என்பவரும் பில் றொபேட்சன் என்பவரும் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை, ஏறத்தாழ 950 மைல் தூரத்தைக் கடக்கப் புறப்பட்டனர். சான்று சொல்ல நடுவர் எவரும் இல்லாத பயணம் அது. ஆகையால் புறப்படும்போது திஹுவானாத் தந்தி நிலையத்திலும், சேர்ந்தபோது லா பாஸ் தந்தி நிலையத்திலும் நேரத்தைப் பதிவுசெய்துகொண்டனர். ஈக்கின்ஸுக்குச் சென்ற காலம் ஏறத்தாழ 40 மணித்தியாலம். இதனை ஒரு சாதனையாகப் பத்திரிகைகள் வெளியிட்டதும், அதனை முறியடிப்போம் என்று பலர் கிளம்பினர்.

அவ்வாறு கிளம்பியோருள் முதன்மையானவர் புரூஸ் மெயர்ஸ். அவர் 1926இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தவர். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில், பங்கர் ஹில் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை யப்பானியத் தற்கொலை விமானங்கள் தாக்கியபோது, அக்கப்பலில் இருந்து உயிர்தப்பிய கடற்படையினருள் ஒருவர் அவர். யுத்தத்தின் பின் கண்ணாடிநார் கொண்டு படகு கட்டும் தொழிலைக் கற்றார். அக்காலத்திற் கடற்கரை மணலில் ஓடுவதற்காக, பழைய கார்களின் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, அடித்தளத்தையும் எஞ்சினையும் மட்டும் வைத்துக்கொண்டு இளைஞர் ஓட்டிவந்தனர். மெயர்ஸ் இதனைச் சிறிது சிந்தித்துப் பார்த்தார். 1964இல், படகுக் கலையைக் காருக்குப் பயன்படுத்தி, வொல்க்ஸ்வாகன் காரின் எஞ்சினும் சக்கரத் தொகுதியும் பொருத்திய ஓர் இலேசான கண்ணாடிநார் வண்டியைச் செய்தார். அதுவே மெயர்ஸ் மாங்க்ஸ் எனப் புகழ்பெற்றது.

வொல்க்ஸ்வாகன் என்னும் ஜெர்மானியச் சொல்லுக்கு மக்கள் வண்டி என்பது பொருள். ஆமையைப் போன்ற உருவமுடைய அக்காரை நம் நாட்டு வீதிகளிலும் பலர் கண்டிருப்பீர்கள். குடும்பத்தினர் நால்வர் சிக்கனமாகச் செல்வதற்கென்று அமைந்த கார் பாலைவனத்தை வென்றது எப்படி? அதன் எஞ்சின் காற்றினாலேயே குளிர்வது; ஆதலால் தண்ணீர் கொதித்து நின்றுவிடும் அபாயம் அதற்கில்லை. எஞ்சின் பின்புறத்தில், ஓட்டுசக்கரங்களின்மேல் அமர்ந்திருப்பதனால், மணலில் அச்சக்கரங்களுக்கு நல்ல பிடிப்புக் கிடைத்தது. அடிப்புறம் தட்டையாகையால் கற்களிற் சிக்காமல் வழுக்கிச் சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மலிவானது. உதிரிப்பாகம் எவ்வூரிலும் கிடைத்தது. ஏழை ஒருவனும் பந்தயக்காரன் ஆகலாம் என்னும் நம்பிக்கையை அச்சிறு கார் தந்தது.

1967ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மெயர்ஸும் அவர் நண்பர் டெட் மாங்கல்ஸும் லா பாஸிலிருந்து திஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி முடித்தனர். மோட்டார் சைக்கிளின் சாதனை ஐந்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் முறிந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஸ்பென்சர் மறி, றால்ப் பூல் என்னும் இருவர் ராம்ப்ளர் என்ற சாதாரணக் குடும்பக் காரிலே அத்தூரத்தை ஏறத்தாழ 31 மணித்தியாலத்திற் கடந்தனர். கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வகையைச் சேர்ந்த வண்டி, மோட்டார் சைக்கிளையும் மணல் வண்டியையும் வென்றுவிட்டது.

தனித்தனியே ஓடித் தந்தி அடிப்பதிலும் எல்லோரும் ஒருங்கே ஓடுவது நன்றென்று எட் பேள்மன் என்பவருக்குத் தோன்றியது. அவரும் சில நண்பரும் சேர்ந்து ஒரு சங்கத்தை நிறுவினர். 1967 ஒக்டோபர் 31ஆம் திகதி, மெக்சிக்கன் ஆயிரம் என்னும் முதற்பந்தயம் திஹுவானாவில் ஆரம்பமாயிற்று. 68 வண்டிகள் அதிற் கலந்துகொண்டன. ஜீப்பும், பாரம் ஏற்றும் பிக்கப்பும், மணல் வண்டியும், மோட்டார் சைக்கிளும், குடும்பக் காரும் ஒரே பந்தயத்தில் ஓடின. விக் வில்சன், டெட் மாங்கல்ஸ் ஆகிய இருவரும் மெயர்ஸ் மாங்க்ஸ் வண்டியில் 27 மணி 38 நிமிடத்தில் லா பாஸை அடைந்து முதலிடம் பெற்றனர். பிற்காலத்திற் பாஹா ஆயிரம் என உலகம் அறிந்த பந்தயம் இதுவே.

தொடக்க ஆண்டுகளின் இயல்பை எடுத்துக்காட்ட ஓர் உதாரணம் போதும். சுவீடன் தேசத்தின் சாப் கம்பனி செய்த சிறிய முன்சக்கர ஓட்டக் காரொன்றில், எரிக் கார்ல்சன் என்னும் சாரதி 1969இல் ஓடி மூன்றாம் இடத்தையும், 1970இல் ஐந்தாம் இடத்தையும் பெற்றார். அவர் தேர்ந்த சாரதி என்பது உண்மை. ஆயினும் பனிநாட்டு மக்கள் கடைக்குச் செல்லும் காரொன்று பாலைவனத்தில் அத்துணைத் தூரம் நின்று பிடித்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

ஆனால், வெற்றியின் சுவை கண்டபின் மனிதன் சும்மா இருப்பதில்லை. 1963இல் இந்தியானாப்பொலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்ற பார்னெல்லி ஜோன்ஸ், பாஹாவுக்கு வந்தார். பில் ஸ்ற்றொப் என்னும் வண்டி நிபுணரின் துணையோடு போர்ட் பிறொங்கோவின் சாயல்கொண்ட வண்டியொன்றில் 1971இலும் 1972இலும் அவர் வென்றார். சாயல் என்று கூறியதற்குக் காரணம் உண்டு. வெளித்தோற்றம் கடையில் விற்கும் பிறொங்கோ. உள்ளே இருந்ததோ பந்தயத்துக்கென்றே இரும்புக் குழாய்களாற் கட்டிய சட்டம். 1971இல் அவர் எடுத்துக்கொண்ட காலம் 14 மணி 59 நிமிடம். பாதையின் வேறுபாடுகளை ஒதுக்கிவைத்தாலும், நான்கே ஆண்டுகளில் நேரம் பாதியளவுக்குக் குறுகிவிட்டது. அவ்வண்டி 2021ஆம் ஆண்டு ஏலத்தில் 18 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று.

மெயர்ஸின் கதை வேறுவிதமாகச் சென்றது. அவர் 5,000க்கும் மேற்பட்ட வண்டித் தொகுதிகளை விற்றார். எனினும் அவர் வடிவத்தைப் பார்த்துப் போலி செய்தோர் அவரிலும் பன்மடங்கு விற்றனர். தம் உரிமையைக் காக்க அவர் தொடுத்த வழக்கும் தோற்றது. 1971இல் அவர் கம்பனி மூடப்பட்டது. அவருடைய முதல் வண்டியை 2014இல் அமெரிக்கத் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிற் சேர்த்தனர். 2021இல், தமது 94ஆவது வயதில், அவர் காலமானார்.

இதற்கிடையிற் களமும் மாறியது. 1973 டிசம்பரில் குடாநாட்டை ஊடறுக்கும் தார்வீதி பூர்த்தியானது. அதே ஆண்டிற் பந்தயப் பொறுப்பு பேள்மனின் சங்கத்தினிடமிருந்து உள்ளூர்க் குழுவுக்கு மாறியது. எண்ணெய் நெருக்கடியால் 1974இற் பந்தயம் நடைபெறவில்லை. மணிக்கு 400 மைல் வேகத்தை 1960இற் கடந்த மிக்கி தொம்சன் 1973இல் ஆரம்பித்த ஸ்கோர் என்னும் அமைப்பு, 1975இல் அதனைப் பொறுப்பேற்று மீண்டும் நடத்தலாயிற்று. அதே தொம்சன் 1979இல் வேறொரு புதுமையையும் செய்தார். பாலைவனத்துக்குச் சென்று பார்க்க இயலாத நகர மக்களுக்காக, லொஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியம் விளையாட்டரங்கினுள் மண்ணைக் கொட்டி, மேடுகள் அமைத்து, பிக்கப் வண்டிகளைப் பாயவிட்டார். பயணத்தின் இடையே தவிர்க்கமுடியாமல் நேர்ந்த பாய்ச்சல், அன்றுமுதல் பணம் கொடுத்துப் பார்க்கும் காட்சியாயிற்று.

அதே 1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டியூக்ஸ் ஒவ் ஹசார்ட் என்னும் தொடர் தொடங்கியது. அதில் வாரந்தோறும் ஒரு செம்மஞ்சள் நிறக் கார் ஓடையையும் வேலியையும் தாண்டிப் பாயும்; பாய்ந்தபின் ஒன்றும் நேராததுபோல் ஓடிச்செல்லும். பார்த்த இளைஞர் பலர் தம் வண்டியும் அவ்வாறு பாயும் என்று நம்பினர். உண்மை யாதெனில், ஏழு பருவங்களில் அத்தொடர் 300க்கு மேற்பட்ட கார்களை விழுங்கிவிட்டது. பெரும் பாய்ச்சல் ஒன்றைச் செய்த கார் பெரும்பாலும் மறுபடி ஓடுவதற்கு உதவாது. எஞ்சினின் பாரத்தால் மூக்குக் கீழ்நோக்கி விழாதிருக்க, பின்பெட்டியிற் பாரம் ஏற்றியே பாயவிட்டனர்.

ஏன் உடைகிறது என்பதை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். வண்டியொன்று மூன்றடி உயரத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரண வண்டியின் வில்லு அரையடியே அமுங்கும். மூன்றடி வீழ்ச்சியின் வேகம் அனைத்தும் அந்த அரையடிக்குள் அடங்கவேண்டும். அப்பொழுது வண்டியின்மீது விழும் சராசரி விசை அதன் எடையைப்போல் ஏழு மடங்கு. அதுவே இரண்டடி அமுங்கும் வில்லாக இருப்பின் இரண்டரை மடங்கே. இந்த வேறுபாட்டிலேதான் சட்டம் வளைவதும் வளையாததும், சாரதியின் முதுகெலும்பு முறிவதும் முறியாததும் தங்கியுள்ளன. இன்றைய முதற்றரப் பாலைப்பந்தயப் பிக்கப்புகளின் சக்கரங்கள் இரண்டடிக்கு மேல் மேலும் கீழும் அசையவல்லன. 1994இல் அவற்றுக்கெனத் தனிப்பிரிவே வகுக்கப்பட்டது. அவற்றின் விலை பல இலட்சம் டொலர். பெயரளவில் அவை பிக்கப். ஆனால் எந்தக் கமக்காரனும் அவற்றில் வைக்கோல் ஏற்றமாட்டான்.

இனி, இவ்விளையாட்டின் விலையை யார் கொடுத்தனர் என்பதையும் கூறவேண்டும். முதலிற் கொடுத்தது நிலம். பாலைவனம் வெறுமையான இடமென்று தூரத்திலிருந்து பார்ப்போர் எண்ணுவர். அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஓடு உடைந்தால், மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் செல்லும். 1942இல் தளபதி பற்றன் தம் படையைப் பயிற்றுவித்தபோது பதிந்த தாங்கித் தடங்களை மொஹாவிப் பாலையில் இன்றும் காணலாம். 1972இல் ஜனாதிபதி நிக்சன், பொதுநிலங்களில் இத்தகைய வண்டிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையொன்றைப் பிறப்பித்தார். ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் ஓடிய பார்ஸ்ரோ–லாஸ் வேகாஸ் பந்தயத்துக்கு 1975இல் அனுமதி மறுக்கப்பட்டது. வளைதோண்டி வாழும் மொஹாவிப் பாலை ஆமை, 1990இல் அழிவை எதிர்நோக்கும் இனமாகச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. ஆமை வடிவக் காரினால் தொடங்கிய கதையில் உண்மையான ஆமைக்கு இந்நிலை வந்தது.

அடுத்து விலை கொடுத்தவர் பார்வையாளர். 2010 ஓகஸ்ட் 14ஆம் திகதி இரவு, கலிபோர்னியாவின் ஜோன்சன் வலியில் நடைபெற்ற பந்தயத்தில், மேடொன்றிலிருந்து பாய்ந்த பிக்கப் கட்டுப்பாடிழந்து கூட்டத்தினுள் புகுந்து புரண்டது. எட்டுப் பேர் மாண்டனர். தடுப்புவேலி எதுவும் அங்கில்லை. வண்டி பாயும் இடமே நல்ல காட்சி என்பதனால், அம்மேட்டருகிலேயே மக்கள் நெருங்கி நின்றிருந்தனர். அனுமதி வழங்கிய நில நிர்வாகம் தன் விதிகளையே சரிவரப் பின்பற்றவில்லை என அதன் ஆய்வு பின்னர் கூறிற்று.

நேயர்களே, இது எங்கோ தூரதேசத்துச் செய்தி என்று நாம் காதை மூடிக்கொள்ள முடியாது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, நம் தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ்ஹில் மோட்டார்ப் பந்தயத்திற் கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட எழுவர் உயிரிழந்தனர். ஐந்தாண்டு இடைவெளியின் பின் நடைபெற்ற பந்தயமாகையாற் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. ஜோன்சன் வலியிலும் தியத்தலாவையிலும் மாண்டோர் வேகத்தை விரும்பி வண்டியில் ஏறியவர்கள் அல்லர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். சாரதிக்குத் தலைக்கவசம் உண்டு, இருக்கைப் பட்டி உண்டு, அவனைச் சுற்றி இரும்புக்கூடும் உண்டு. பாதையோரத்தில் நின்ற பிள்ளைக்கு இவற்றுள் எது இருந்தது?

இவ்வரலாற்றை நோக்கும்போது ஒரு போக்குத் தெளிவாகின்றது. தொடக்கத்தில் வண்டியும் ஓட்டுநனும் பாலைநிலமும் மட்டுமே இருந்தன. ஆபத்து இருந்தது, அது ஆபத்தை விரும்பி ஏற்றவனுடையதாக இருந்தது. வண்டி பலவீனமாக இருந்தபடியால் ஓட்டுநன் நிதானமாக ஓட்டினான். மேட்டைக் கண்டால் வேகத்தைக் குறைத்தான். ஏனெனில், அச்சு முறிந்தால் உதவிக்கு நாற்பது மைல் நடக்கவேண்டியவன் அவனே. வண்டி பலமடைந்ததும் நிதானம் குறைந்தது. பாய்ச்சல் காட்சியானதும் கூட்டம் அருகே வந்தது. ஓட்டுநன் பாதுகாப்பாகிக்கொண்டே போக, ஆபத்து மெல்ல மெல்ல வேலிக்கு வெளியே இடம்பெயர்ந்தது.

ஆகவே, பிள்ளைகளைப் பந்தயம் பார்க்க அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு வரலாறு சொல்லும் செய்தி எளியது. வண்டி பாயும் மேட்டின் எதிரிலும், வளைவின் வெளிப்புறத்திலும் நிற்கவேண்டாம். தடுப்பு இல்லாத இடத்திற் பந்தயம் நடக்குமாயின், அங்கு நிற்காது திரும்பி வருவதே அறிவு. நடத்துவோருக்கும் இச்செய்தி பொருந்தும். வேலி போடுவதற்குப் பணமில்லை என்றால், பந்தயம் நடத்துவதற்கும் பணமில்லை என்பதே பொருள்.

பாஹா ஆயிரம் இன்றும் நடைபெறுகின்றது. ஆயிரம் குதிரைவலுக் கொண்ட வண்டிகள் ஓடும் அதே பந்தயத்தில், பதினோராம் பிரிவு என்று ஒரு பிரிவு உண்டு. பெரிதும் மாற்றம் செய்யாத பழைய வொல்க்ஸ்வாகன் கார்களுக்கென்றே அது ஒதுக்கப்பட்டிருக்கிறது. மெக்சிக்கோ மக்கள் வோச்சோ என்று செல்லமாக அழைக்கும் அக்காரின் கடைசி வண்டி, 2003இல் அந்நாட்டின் புவெப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பெரிய வண்டிகள் பந்தயத்தை முடித்து, பரிசும் பெற்று, உறங்கச் சென்ற பின்னரும், அச்சிறு கார்கள் இருளிற் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்துகொண்டிருக்கும். கொடுத்த நேரத்துள் சில சேரும். பல வழியிலேயே நின்றுவிடும். முதலிடம் அவற்றுக்கு ஒருபோதும் கிடையாது என்பதை ஓட்டுவோர் நன்கறிவர். ஆயினும் அடுத்த ஆண்டும், உடைந்ததைப் பொருத்திக்கொண்டு, அவர்கள் வருகின்றனர்.